சூப்பர்வைசர் மீது மூன்று பேர் புகார்: விசாரணையை எங்கிருந்து தொடங்குவது?

கணக்குப்பிள்ளை:

கோவைப் பக்கம் ஒரு பவுண்டரியில், அதாவது இரும்பை உருக்கி வார்க்கும் ஆலையில், கணக்குப் பிரிவு மேலாளராக இருக்கிறேன். நூற்றுச் சொச்சம் பேர் வேலை செய்யும் இடம். மனிதவளப் பிரிவு என்று தனியாக எதுவும் கிடையாது. சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் என் மேசைக்கு வருவதால் இதுவும் என் தலையில் விழுந்திருக்கிறது.

வார்ப்பு அச்சு செய்யும் மோல்டிங் பிரிவைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் முதலாளியிடம் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேவலமாகத் திட்டுகிறார், விடுப்புச் சீட்டைக் கசக்கி எறிகிறார், எதிர்த்துப் பேசினால் தொடர்ந்து இரவு ஷிப்ட் போடுகிறார் என்பது அதன் சாரம். சூப்பர்வைசர் பழைய ஆள். அவர் இல்லாவிட்டால் மோல்டிங் நின்றுவிடும் என்று முதலாளி நினைக்கிறார். "நாலு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசி இந்த வாரமே முடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். நான் சட்டம் படித்தவன் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்க்காரி:

ஒன்றாக உட்காரவைக்கும் யோசனையை முதலில் விடுங்கள் சார். அந்த அறையில் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். "உங்களை என் பிள்ளைகள் மாதிரி அல்லவா பார்த்தேன்" என்று சூப்பர்வைசர் ஆரம்பிப்பார். ஒரு பையன் தலையைக் குனிந்துகொள்வான். இன்னொருவன் "அப்படியெல்லாம் இல்லை சார்" என்பான். டீ வரும். முதலாளிக்கு நிம்மதி. அடுத்த வாரம் அந்த மூன்று பேரில் ஒருவன் வேலையை விட்டிருப்பான்.

இன்றைக்கே செய்யவேண்டியது வேறு. சிசிடிவி பதிவு பெரும்பாலான இடங்களில் வட்டு நிறைந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொண்டு மேலே எழுதும். கடிதத்தில் தேதி ஏதாவது இருந்தால் அந்த நாளின் பதிவை உடனே தனியாக எடுத்து வையுங்கள். ஷிப்ட் அட்டவணை, விடுப்புப் பதிவேடு, வருகைப் பதிவேடு மூன்றையும் உங்கள் அலமாரிக்குள் கொண்டுவந்து பூட்டுங்கள். சூப்பர்வைசரின் மேசையில் கிடக்கும் பதிவேடு நாளைக்கும் இதே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. பயந்த மனிதர் என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு மூவரையும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். "அவர் உன்னைத் திட்டினாரா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவன் சொன்ன சொல்லையே எழுதுங்கள். "தகாத வார்த்தைகள் பேசினார்" என்று நீங்கள் நாகரிகப்படுத்தி எழுதினால் அது உங்கள் வாக்குமூலம், அவனுடையது அன்று. எழுதியதை வாசித்துக் காட்டி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள்.

பட்டறைக்காரர்:

எல்லோரும் கோபித்துக்கொள்வீர்கள், ஆனாலும் சொல்கிறேன். பவுண்டரி என்பது ஏ.சி. போட்ட அலுவலகம் அல்ல. 1,400 டிகிரியில் இரும்பை ஊற்றுகிற இடம். மோல்டில் ஈரம் இருந்தால் வெடித்துச் சிதறும். அங்கே கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பையனிடம் "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லப்பா" என்று கொஞ்ச முடியாது. நாங்கள் எல்லாம் திட்டு வாங்கித்தான் தொழில் கற்றோம். இப்போது குரலை உயர்த்தினாலே புகார்.

பழைய தோழர்:

பட்டறைக்காரர் ஐயா, திட்டு வாங்கித் தொழில் கற்றவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்; திட்டு தாங்காமல் தொழிலை விட்டுப் போனவர்கள் இங்கே வந்து எழுதப்போவதில்லை.

கணக்குப்பிள்ளை அவர்களுக்கு ஒன்று. தொழிற்சங்கத்தில் நான் பார்த்ததையெல்லாம் வைத்துச் சொல்கிறேன். தொழிலாளி மேல் புகார் வந்தால் மறுநாளே மெமோ, சஸ்பென்ஷன், சார்ஜ் ஷீட் என்று வரிசையாக வரும். மேலே இருப்பவர் மேல் புகார் வந்தால் "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று சுற்றி வருவார்கள். உங்கள் முதலாளி சொன்னதும் அதுதான். இதே பையன்கள் சூப்பர்வைசரைத் திட்டியிருந்தால் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருப்பாரா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

ஓசூர்க்காரி:

பட்டறைக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட வேண்டாம். இரும்பு ஊற்றும் நேரத்தில் தப்பான இடத்தில் நிற்பவனைப் பார்த்துக் கத்துவது மேற்பார்வை. அந்த நேரம் முடிந்து, சாப்பாட்டு வேளையில், நாலு பேர் சிரிக்க அவனுடைய அப்பன் ஆத்தாளை இழுப்பது மேற்பார்வையில் சேராது. விடுப்பும் ஷிப்டும் அவர் கையில் இருக்கிற அதிகாரம். அதைத் தண்டிக்கப் பயன்படுத்தினாரா என்பதைத்தான் சார் பார்க்க வேண்டும். குரல் உயர்ந்ததா என்பது சின்ன விஷயம்.

மதுரை வக்கீல்:

தொழிலாளர் நீதிமன்றத்தில் பல வருடமாக இரண்டு பக்கமும் ஆஜராகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நீங்கள் இப்போது செய்யப்போவது முதற்கட்ட விசாரணை. புகாரில் சாரம் உண்டா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. அதை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. சாரம் இருக்கிறது என்று தெரிந்தால் நிர்வாகம் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதாவது சார்ஜ் ஷீட், கொடுக்க வேண்டும். விளக்கம் வாங்க வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லை என்றால் நிறுவனத்துக்குள்ளேயே முறைப்படி சாட்சிகளை வைத்து உள்விசாரணை நடத்த வேண்டும். அந்த உள்விசாரணைக்கு நீங்களே விசாரணை அலுவலராக அமரக்கூடாது. முதற்கட்டத்தில் எல்லோரையும் கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். பிறகு அதே நாற்காலியில் நடுநிலையாக எப்படி உட்காருவீர்கள்? இதை இப்போதே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

உள்விசாரணையில் என்ன வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1963-லேயே சர் எனாமல் வழக்கில் சொல்லிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்றச்சாட்டு தெளிவாகத் தெரிவிக்கப்பட வேண்டும். சாட்சிகள் அவர் முன்னிலையில் சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பு வேண்டும். அவரும் அவருடைய சாட்சிகளும் பேச வாய்ப்பு வேண்டும். அறிக்கையில் முடிவோடு காரணமும் இருக்க வேண்டும். அறுபது வருடம் கழித்தும் இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றில்தான் நிர்வாகங்கள் வழுக்கி விழுகின்றன.

அதே வருடம் மீன்கிளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கு. மேலாளர்களைத் தொழிலாளர்கள் சூழ்ந்து தாக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. விசாரணை நடத்தியவர்கள் யார் தெரியுமா? தாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அதே மேலாளர்கள். சாட்சி என்று ஒருவரையும் விசாரிக்கவில்லை. தொழிலாளர்களை வரிசையாகக் கூப்பிட்டுக் கேள்வி மட்டும் கேட்டார்கள். அந்த விசாரணையை நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் விஷயத்தில் இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோல்டிங் நின்றுவிடும் என்று கவலைப்படுகிற உற்பத்தி மேலாளரை விசாரணை அலுவலராகப் போட்டால் பையன்களுக்கு அநியாயம். சூப்பர்வைசரோடு ஏற்கெனவே முட்டல் மோதல் உள்ள ஒருவரைப் போட்டால் அவருக்கு அநியாயம். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவது உத்தமம்.

குறிப்பாணை எழுதும்போது "கொடுமைப்படுத்தினார்" என்று எழுதாதீர்கள். பணியிடக் கொடுமைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்த இடம், என்ன சொன்னார் அல்லது என்ன செய்தார், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். "தொடர்ந்து தவறாக நடந்துகொண்டார்" என்கிற ஒற்றை வரிக் குறிப்பாணைக்கு "இல்லை" என்று ஒற்றை வரி விளக்கம் வரும். அதோடு கதை முடிந்தது.

நிலையாணை, அதாவது வேலை நிலைமையையும் ஒழுங்கு நடவடிக்கையையும் வகுக்கிற நிறுவன விதிகள் பற்றிக் கேட்பீர்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் நிலையாணை அத்தியாயம் 300 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான். உங்களுக்கு அது பொருந்தவில்லை என்று யாராவது சொன்னால், அதனால் இயற்கை நீதியும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதை நடுநிலையாகக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்பதும், பொருந்தாது என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

நன்றி ஐயா. இரண்டு சந்தேகம். ஒன்று, சூப்பர்வைசரை சஸ்பெண்ட் செய்ய வேண்டுமா? இரண்டு, பையன்கள் "எங்கள் பெயர் அவருக்குத் தெரியக்கூடாது" என்று கெஞ்சுகிறார்கள். கடிதத்தை முதலாளி இன்னும் யாரிடமும் காட்டவில்லை. பெயரை மறைத்தே விசாரிக்க வழி உண்டா?

மதுரை வக்கீல்:

சாட்சிகளை மிரட்டுவார், ஆவணத்தில் கை வைப்பார் என்ற நிலை இருந்தால் ஒழிய சஸ்பென்ஷன் வேண்டாம். அதைத் தண்டனையாக நினைத்துக்கொண்டு போடுகிறார்கள். போட்டால் அந்தக் காலத்துக்குப் பிழைப்பூதியம், அதாவது சம்பளத்தில் ஒரு பங்கு, கொடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டின் 1981-ஆம் வருடச் சட்டப்படி முதல் 90 நாளுக்கு 50 சதவீதம், அடுத்து 180 நாள் வரை 75 சதவீதம், அதற்கு மேல் முழுச் சம்பளம். கோலார் தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்துப் பாதுகாப்பு அதிகாரி பால் அந்தோணியின் வழக்கைப் படியுங்கள். 1985-இல் சஸ்பென்ஷன். பிழைப்பூதியம் கொடுக்கவில்லை. கையில் காசில்லாமல் கேரளத்தில் இருந்த சொந்த ஊரிலிருந்து அவரால் விசாரணைக்கு வர முடியவில்லை. அவர் இல்லாமலே நடத்தி 1986-இல் வேலைநீக்கம் செய்தார்கள். 1999-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஒரு மனிதரின் பதின்மூன்று வருடம் போயிற்று.

பெயர் விஷயம் கடினமானது. யார் சொன்னார், எப்போது நடந்தது என்று தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. எனவே பொதுவாக மறைக்க முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு. ராஞ்சி மருத்துவக் கல்லூரியில் சில மாணவர்கள் இரவில் பெண்கள் விடுதிக்குள் புகுந்த சம்பவம். மாணவிகளின் வாக்குமூலத்தை அந்த மாணவர்கள் இல்லாத இடத்தில் வாங்கி, குற்றச்சாட்டை மட்டும் அவர்களுக்குத் தெரிவித்து விளக்கம் கேட்டார்கள். மாணவிகளை நேரில் நிறுத்தினால் வெளியே அவர்களுக்குப் பாதுகாப்பு இருக்காது என்ற காரணத்தை ஏற்று 1973-இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையை ஆதரித்தது. ஆனால் உங்கள் மோல்டிங் பிரிவில் பெயரை மறைத்து என்ன பயன்? யார் எழுதியது என்று அவருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பழைய தோழர்:

வக்கீல் சார் சொல்வதை நான் முழுக்க ஏற்கவில்லை. இப்போது முதற்கட்டம்தானே? இந்தக் கட்டத்தில் கடிதத்தைக் காட்ட வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது? முதலில் பதிவேடுகளைப் பாருங்கள். பதிவேட்டிலேயே விஷயம் நிரூபணமானால் பையன்கள் சொல்ல வேண்டியது குறைந்துவிடும். காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்து மிரட்ட முடியாது.

மதுரை வக்கீல்:

அதில் எனக்கும் உடன்பாடுதான் தோழர். ஆனால் குறிப்பாணை கொடுக்கும் நாளில் பெயர் வெளியே வரும் என்பதைப் பையன்களிடம் இன்றே சொல்லிவிட வேண்டும். "ரகசியம் காப்போம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு சாட்சி சொல்லக் கூப்பிட்டால் அவர்கள் வரமாட்டார்கள். வரவும் கூடாது.

எதிர்த்தரப்பு:

இழையை முழுக்கப் படித்தேன். விசாரணைக்கு உள்ளான ஒருவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் நிறுவனத்தில் என் மேல் இப்படி ஒரு புகார் வந்தது. "மேலே வாருங்கள்" என்று ஃபோன். போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலி. என்ன புகார் என்பதே அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஏழெட்டு மாதம் முன்னால் ஒரு கூட்டத்தில் நான் என்ன சொன்னேன் என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கூட்டமே நினைவில்லை. "நினைவில்லை" என்றேன். "மறுக்கவில்லை" என்று எழுதிக்கொண்டார்கள். அதை நான் பார்த்தேன், எதிரே தலைகீழாக.

பிறகு ஒன்றும் இல்லை. குற்றம் நிரூபணமானதா, இல்லையா, யாரும் சொல்லவில்லை. கேட்டால் "அது முடிந்துவிட்டதே" என்றார்கள். பதவி உயர்வு வரும்போதெல்லாம் யாரோ ஒருவர் "அந்த விஷயம் இருக்கிறதே" என்பார். முடிந்தது என்றால் எப்படி முடிந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கணக்குப்பிள்ளை சார், அந்த சூப்பர்வைசர் தவறு செய்திருக்கலாம். ஆனால் என்ன புகார் என்பதை எழுத்தில் கொடுங்கள். யோசிக்க நாலு நாள் கொடுங்கள். கூட ஒரு சக ஊழியரை அழைத்துவர அனுமதியுங்கள். அவர் சொன்னதை எழுதி அன்றைக்கே ஒரு பிரதி கொடுங்கள். முடிவு எதுவானாலும் அவருக்கும் அந்தப் பையன்களுக்கும் கடிதமாகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. முதலாளியிடம் பேசினேன். "ஒன்றாக உட்காரவைப்பது" கைவிடப்பட்டது. ஷிப்ட் அட்டவணையை சூப்பர்வைசர் கையிலிருந்து எடுத்து உற்பத்தி மேலாளரிடம் கொடுத்திருக்கிறோம்; விசாரணை முடியும் வரை மோல்டிங் ஷிப்ட் மாற்றத்துக்கு என் கையெழுத்தும் வேண்டும்.

பதிவேடுகளை உட்கார்ந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான். மற்றவர்களுக்கு ஷிப்ட் வாரம் ஒருமுறை சுற்றி வருகிறது. பகல், மாலை, இரவு, மறுபடி பகல். இந்த மூன்று பேரில் ஒருவனுடைய வரிசையில் தொடர்ந்து "இ", "இ", "இ" என்று ஒரே எழுத்து. அது தொடங்குகிற வாரத்துக்கு முந்தைய வாரத்தில் அவன் இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்றோடு விடுப்பு எடுத்திருக்கிறான். சான்று என் கோப்பில் இருக்கிறது. விடுப்புப் பதிவேட்டில் அதே நாட்களுக்கு நேராக "வரவில்லை" என்று சிவப்பு மையில் எழுதி, சம்பளம் பிடித்திருக்கிறது. பிடித்தது நான்தான், அந்தப் பதிவேட்டை வைத்து.

இன்னொன்று. மூன்றாவது பையன் சொன்ன தேதியில் சூப்பர்வைசர் வருகைப் பதிவேட்டின்படி விடுப்பில் இருந்திருக்கிறார். அந்தச் சம்பவம் நடந்திருக்க வாய்ப்பில்லை, அல்லது தேதி தவறு.

ஓசூர்க்காரி:

அந்தத் தேதிக் குழப்பத்தை மறைக்காமல் எழுதுங்கள் சார். அவனிடம் மறுபடி கேளுங்கள், ஆனால் "தேதியை மாற்றிச் சொல்" என்று தொனிக்காமல். சம்பளநாளுக்கு முன்பா பின்பா, அன்று எந்த வேலை ஓடியது, யார் கிரேன் ஓட்டினார்கள் என்று கேட்டால் அவனே சரியான நாளுக்கு வந்து சேர்வான். வராவிட்டால் அந்தச் சம்பவத்தைக் குற்றச்சாட்டில் சேர்க்காதீர்கள். ஒரு பொய்த் தேதி மற்ற உண்மைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

பட்டறைக்காரர்:

மருத்துவச் சான்று இருந்தும் சம்பளம் பிடித்தது தப்பு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் சூப்பர்வைசரிடமும் கேளுங்கள். சான்று அவர் கைக்குப் போனதா, நேராக உங்கள் கோப்புக்கு வந்ததா?

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி ஐயா. அது இ.எஸ்.ஐ. மருந்தகத்திலிருந்து பையன் நேராக அலுவலகத்தில் கொடுத்தது. சூப்பர்வைசர் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதை முதலில் எழுதிக்கொண்டேன்.

வைகை:

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். "கேவலமாகத் திட்டினார்" என்றால் என்ன சொல்லித் திட்டினார்? சாதியைச் சொன்னாரா? நம் ஊரில் இந்தக் கேள்வியை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறார்கள். விட்டால் பாதி விஷயம் வெளியே வராது. அங்கே பெண்களும் வேலை செய்கிறார்களா?

மதுரை வக்கீல்:

வைகை கேட்டது முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக இருந்து, பலர் முன்னால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் அது 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். உள்விசாரணையை வைத்து அதை மூடி மறைக்கும் வேலை வேண்டாம். புகார் கொடுக்கும் உரிமை உண்டு என்று அவனிடம் சொல்லுங்கள், எழுத்தில்.

வார்ப்பின் உள்கூடு அச்சுகளைச் செய்யும் கோர் ஷாப்பில் பெண்கள் இருந்து, அவர்களிடமும் அவர் தவறாக நடந்ததாகப் பேச்சு வந்தால் நீங்கள் தனியாக விசாரிக்க முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் வருடப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். உங்களிடம் அந்தக் குழு காகிதத்திலாவது இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:

கோர் ஷாப்பில் பெண்கள் இருக்கிறார்கள். குழு என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் உள்ள இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். சாதி பற்றி ஒருவனிடம் கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. "எழுத வேண்டாம் சார்" என்றான்.

பழைய தோழர்:

அவன் பதில் சொல்லிவிட்டான்.

மதுரை வக்கீல்:

இருக்கலாம் தோழர், ஆனால் விசாரிப்பவர் ஊகத்தை எழுத முடியாது. "இது குறித்துக் கேட்டபோது பதிவு செய்ய வேண்டாம் என்று கூறினார்" என்பதையும் அவன் சம்மதமில்லாமல் எழுத வேண்டாம். ஒரு வாரம் கழித்து, தொழிற்சாலைக்கு வெளியே, அவனுக்கு நம்பிக்கையான ஒருவரோடு வரச்சொல்லி மறுபடி கேளுங்கள்.

அறிக்கை பற்றிச் சொல்லிவிடுகிறேன். குற்ற வழக்குபோலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். ஹரியானாவில் ஒரு பஸ் கண்டக்டர் பணம் வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கவில்லை என்று பறக்கும் படை பிடித்தது. பயணிகளைத் தேடிப்பிடித்து சாட்சி சொல்லவைக்கவில்லையே என்று அவர் வாதாடினார். ரத்தன் சிங் வழக்கு, 1977. சோதனை நடத்தியவரின் சாட்சியம் ஏற்கத் தக்கதாக இருந்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் ஏதாவது சாட்சியம் இருக்க வேண்டும். "பொதுவாக எல்லோரும் சொல்கிறார்கள்" போதாது.

அறிக்கையில் தண்டனையைப் பரிந்துரைக்க வேண்டாம். எந்தச் சம்பவம் நிரூபணம், எது இல்லை, ஏன். அவ்வளவுதான். தண்டனை முடிவு செய்வதற்கு முன் அறிக்கையின் பிரதியை அவருக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும். 1993-இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது அது. பழைய தவறுகளையும் கணக்கில் எடுப்பதாக இருந்தால் கருத்துக் கேட்கும் நோட்டீஸிலேயே அதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் கடைசி உத்தரவில் திடீரென்று நுழைத்தால் நிற்காது.

கணக்குப்பிள்ளை:

இன்று ஒருவன் வந்து புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறான். தேதி குழம்பிய அதே பையன். "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று ஆரம்பிக்கிற கடிதம், கணினியில் தட்டச்சு செய்தது. அவன் வீட்டில் கணினி இல்லை. என்ன செய்வது?

ஓசூர்க்காரி:

வாங்கித் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். கிழிக்கவும் வேண்டாம், மிரட்டிக் கேட்கவும் வேண்டாம். தனியாக அழைத்து, யார் தட்டச்சு செய்தது, எங்கே, யார் உடன் இருந்தார்கள் என்று கேட்டு அவன் சொல்வதை எழுதுங்கள். அவனுடைய சம்பவத்தை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற இருவரின் புகாரில் விசாரணை தொடரட்டும். ஷிப்ட் பதிவேடும் மருத்துவச் சான்றும் யாரும் திரும்பப் பெறக்கூடியவை அல்ல. சூப்பர்வைசருக்கு இன்றே ஒரு கடிதம் கொடுங்கள்: விசாரணை முடியும் வரை புகார் கொடுத்தவர்களையோ அவர்கள் குடும்பத்தையோ நேரிலோ ஆள் மூலமோ அணுகக்கூடாது என்று. ஒப்புகைக் கையெழுத்து வாங்க மறந்துவிடாதீர்கள்.

மதுரை வக்கீல்:

கடிதத்தில் அவர்தான் மிரட்டினார் என்ற தொனி வரக்கூடாது. தட்டச்சு செய்தது முதலாளி அலுவலகமாகவும் இருக்கலாம். அதையும் கேளுங்கள்.